வண்டி நடுவழியில் நின்றால் யார் வருவார்? ஆர்எஸ்ஏ வாங்குவதற்கு முன்

கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது ஆப்பில் ஒரு சின்னக் கட்டம் வரும்: ரோடுசைடு அசிஸ்டன்ஸ் சேர்க்கவா? சில நூறு ரூபாய்தானே என்று டிக் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். இல்லையென்றால், இதுவும் காசு பிடுங்குகிற வேலை என்று எடுத்துவிடுவோம். எப்படி இருந்தாலும் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ராத்திரி பதினொரு மணிக்குத் தொப்பூர் கணவாயில் வண்டி நின்ற பிறகுதான் பார்க்கிறோம்.

ஆர்எஸ்ஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தச் சேவையில் என்னென்ன வரும்? பேட்டரி இறங்கிவிட்டால் ஜம்ப் ஸ்டார்ட் போட்டுத் தருவார்கள். பஞ்சரானால் ஸ்டெப்னி மாற்றித் தருவார்கள். சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் கதவைத் திறந்துவிடுவார்கள். எரிபொருள் தீர்ந்தால் சில லிட்டர் கொண்டு வருவார்கள். எரிபொருளுக்கான காசு பெரும்பாலும் நம்முடையது. அந்த இடத்திலேயே சரிசெய்ய முடியாத கோளாறு என்றால் டோ வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்பில் விடுவார்கள். கொஞ்சம் விலை கூடிய திட்டங்களில், உங்களை வீட்டுக்கோ ஊருக்கோ அனுப்ப டாக்ஸி, தங்க ஓர் இரவு ஹோட்டல் என்றும் இருக்கும். ஆனால் காசு கொடுப்பதற்கு உண்மையான காரணம் டோ வண்டிதான். மற்றதெல்லாம் பக்கத்து மெக்கானிக் ஐந்நூறு, ஆயிரத்தில் முடித்துவிடுகிற வேலை.

ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறதே, போதாதா?

போதாது. நம் ஊரில் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று சொல்கிற பாலிசியின் விதிமுறைகளைப் படித்தால், இயந்திரக் கோளாறும் மின்கோளாறும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். அதாவது லாரி இடித்து வண்டி நின்றால் அது பாலிசியின் கணக்கு. ஃபேன் பெல்ட் அறுந்து நின்றால் உங்கள் கணக்கு. விபத்து என்றாலும், வண்டியை அப்புறப்படுத்தி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும் செலவுக்கு வழக்கமான பாலிசி வாசகம் வைத்திருக்கிற உச்சவரம்பு தனியார் காருக்கு 1,500 ரூபாய், இரு சக்கர வாகனத்துக்கு 300 ரூபாய். இன்றைய டோ வாடகைக்கு அது எந்த மூலைக்கு?

தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. ஆட்-ஆனாக, அதாவது பாலிசியோடு சேர்த்து வாங்கும் கூடுதல் வசதியாக, ஆர்எஸ்ஏ எடுக்க வேண்டுமென்றால் பொதுவாக நம் வண்டிச் சேதத்துக்கான பாலிசி ஒன்று கையில் இருக்க வேண்டும். அதனால் பழைய வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி போதும் என்று ஓட்டுபவர்கள் தனியாக ஆர்எஸ்ஏ விற்கும் நிறுவனங்களிடம்தான் போக வேண்டியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், நடுவழியில் நிற்க அதிக வாய்ப்புள்ளது அந்தப் பழைய வண்டிதான். அதற்கு வயது வரம்பு வைக்கும் திட்டங்களும் உண்டு. காசு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: என் வண்டிக்கு இத்தனை வயசு, எடுத்துக்கொள்வீர்களா?

ஏற்கெனவே உங்களிடம் இருக்கலாம்

புது வண்டி என்றால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். பல கார் நிறுவனங்கள் முதல் சில ஆண்டுகளுக்கு ஆர்எஸ்ஏவைச் சேர்த்தே தருகின்றன. வாரண்டிப் புத்தகத்தில் எண் இருக்கும், சில கார்களில் பின் கண்ணாடியில் ஸ்டிக்கராகவே ஒட்டியிருப்பார்கள். டீலர் கொடுத்த முதல் இன்சூரன்ஸிலும் ஆர்எஸ்ஏ சேர்ந்திருக்கலாம். இதையெல்லாம் கவனிக்காமல் மூன்றாவதாக ஒன்றை வாங்குபவர்கள் உண்டு. பாலிசி தாளில் ஆட்-ஆன் என்ற பகுதியை ஒருமுறை விரலை வைத்துப் படித்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் 1033. இது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 24 மணி நேர உதவி எண். நாம் டோல் கட்டிப் போகிற சாலைகளில் ரோந்து வண்டியும் கிரேனும் ஆம்புலன்ஸும் வைத்திருப்பது சாலையை நடத்துபவர்களின் பொறுப்பு. அழைத்தால் வருவார்கள். ஆனால் அவர்கள் வேலை சாலையைக் காலி செய்வது. வண்டியைப் பாதையிலிருந்து எடுத்து, பக்கத்தில் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிடுவார்கள். அங்கிருந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போவது நம் பாடு. இருந்தாலும், வேகமாக வண்டிகள் பறக்கிற சாலையில் நடுப்பாதையில் நின்றுவிட்டால் எந்த ஆர்எஸ்ஏவையும்விட முதலில் அழைக்க வேண்டிய எண் இதுதான். யாருக்காவது அடிபட்டிருந்தால் 108. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

உண்மையில் யார் வருகிறார்?

விளம்பரத்தில் சீருடை போட்ட ஆள், கம்பெனி லோகோ வரைந்த வண்டி எல்லாம் வரும். நடப்பது வேறு. நீங்கள் வாங்கியது இன்சூரன்ஸ் நிறுவனத்திடமாகவோ கார் நிறுவனத்திடமாகவோ இருக்கலாம். அவர்களில் பெரும்பாலோர் இந்த வேலையை உதவிச் சேவைக்கென்றே இருக்கும் நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். குளோபல் அஷ்யூர், கிராஸ்ரோட்ஸ், சென்னையைச் சேர்ந்த மைடிவிஎஸ் போன்றவை இந்தத் தொழிலில் இருக்கிற பெயர்கள். இப்படிப்பட்ட நிறுவனங்கள் அந்தந்த ஊரில் டோ வண்டி வைத்திருக்கும் தனி ஆட்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கும். கல்யாண மண்டபக்காரரிடம் சாப்பாட்டையும் சேர்த்துப் பேசுவது மாதிரிதான்: பில் அவர் பெயரில், கரண்டி வேறொருவர் கையில்.

உங்கள் அழைப்பு போகிற பாதையைப் பாருங்கள். கால் சென்டரில் ஒருவர் எடுத்து வண்டி எண், பாலிசி எண், என்ன கோளாறு, எங்கே நிற்கிறது என்று கேட்பார். "சார், லொகேஷன் லிங்க் அனுப்பியிருக்கோம், கிளிக் பண்ணுங்க" என்பார். கேஸ் எண் ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வரும். இதுவரை எல்லா நிறுவனமும் ஒரே மாதிரிதான். இதற்கு அப்புறம்தான் வித்தியாசம். அந்தக் கேஸை ஒருவர் உள்ளூர் டோ வண்டிக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்பார். ஒப்பந்த ரேட் கட்டுப்படியானால் வண்டி கிளம்பும். கட்டுப்படியாகாவிட்டால், அல்லது முந்தைய பில் பாக்கியாக இருந்தால், "வண்டி வேற சவாரியில இருக்கு சார்" என்று பதில் வரும். உங்களுக்கோ இன்னும் நாற்பத்தைந்து நிமிடம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

ஆக, நம்பகமான நிறுவனம் எது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. சென்னை, கோயம்புத்தூருக்குள் எல்லோரும்தான் ஒழுங்காக வருவார்கள், டோ வண்டிக்குப் பஞ்சமில்லை. நீங்கள் அடிக்கடி போகிற வழியில் யாருக்கு ஆள் இருக்கிறது என்பதுதான் கேள்வி. மாதாமாதம் சொந்த ஊரான சிவகிரிக்கோ அறந்தாங்கிக்கோ போகிறவருக்கு, 'நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான நகரங்களில்' என்ற வரியால் பத்துப் பைசா பிரயோஜனமில்லை.

இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. வாங்குவதற்கு முன்பே அவர்களுடைய உதவி எண்ணுக்கு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாதிரி ஒரு வேண்டாத நேரத்தில் அழையுங்கள். முதலில் மனிதர் எடுக்கிறாரா, எடுக்க எவ்வளவு நேரமாகிறது, தமிழில் பேச ஆள் உண்டா என்பது தெரிந்துவிடும். பிறகு உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கே டோ வண்டி எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். சுற்றி வளைத்துப் பேசினால் புரிந்துகொள்ளுங்கள். இன்னொரு வழி, அந்த ஊரில் டோ வண்டி வைத்திருப்பவரையே கேட்பது. எந்தக் கம்பெனிக்கு ஓட்டுகிறீர்கள், யார் பணத்தைச் சரியாகக் கொடுக்கிறார்கள் என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால், இணையத்தில் இருக்கிற நட்சத்திர மதிப்பெண்களில் கிடைக்காத தகவல் கிடைக்கும். டோ வண்டிக்காரருக்கு நேரத்துக்குப் பணம் கொடுக்கிற நிறுவனத்துக்குத்தான் அவர் பாதி ராத்திரியில் எழுந்து வருவார்.

கிலோமீட்டர் கணக்கு

திட்டங்களில் கண்ணில் படுகிற எண், இலவசமாக இழுத்துச் செல்லும் தூரம். 25, 50, 100 கிலோமீட்டர் என்று இருக்கும். எங்கிருந்து எதுவரை 50 என்பதை மட்டும் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். சில திட்டங்களில் வண்டி நின்ற இடத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வரை. சிலவற்றில் போக வர இரண்டையும் சேர்த்து. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

உதாரணமாக, சென்னையிலிருந்து திருச்சி போகும் வழியில் உளுந்தூர்பேட்டை பக்கம் வண்டி நிற்கிறது. பக்கத்துப் பெரிய ஊர் விழுப்புரம், சுமார் 40 கிலோமீட்டர். கூடுதல் தூரத்துக்குக் கிலோமீட்டருக்கு 40 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஒருவழிக் கணக்கில் 50 கிலோமீட்டர் திட்டம் என்றால் நீங்கள் ஒரு பைசா தர வேண்டாம். போக வரச் சேர்த்து 50 என்றால், 80-இல் 30 கூடுதல், 1,200 ரூபாய். விழுப்புரம் வேண்டாம், சென்னையில் நம்ம மெக்கானிக்கிடமே விடுங்கள் என்று சொன்னால் சுமார் 200 கிலோமீட்டர். ஒருவழிக் கணக்கிலேயே 150 கூடுதல், 6,000 ரூபாய். இந்த ஒரு பில்லில் பல வருட ஆர்எஸ்ஏ கட்டணம் அடங்கிவிடும். அதனால் ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு 25 கிலோமீட்டர் திட்டமே தாராளம். நெடுஞ்சாலையில் போகிறவர் விலையைப் பார்க்காமல் தூரத்தைப் பார்ப்பது நல்லது.

எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்பதையும் கேளுங்கள். 'அருகில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்' என்று மட்டும் இருந்தால் உங்கள் விருப்பம் செல்லாது. சனிக்கிழமை ராத்திரி அங்கே கொண்டுபோனால் ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், செக்யூரிட்டி கேட்டைத் திறக்க மாட்டார். வண்டியை இடையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு உண்டா, அதற்கு வாடகை யார் தருவது? வழியில் வரும் டோல் கட்டணமும் பெரும்பாலும் நம் தலையில்தான்.

எந்த மாதிரி டோ வண்டி?

ஆரம்பத்தில் யாரும் கேட்காத கேள்வி இது. முன் சக்கரங்களை மட்டும் தூக்கிக்கொண்டு பின் சக்கரங்களைத் தரையில் உருட்டி இழுக்கிற வண்டி ஒரு ரகம். மொத்தக் காரையும் மேலே ஏற்றிக்கொள்கிற பிளாட்பெட் இன்னொரு ரகம். பிளாட்பெட்டில் தளத்தைச் சாய்த்துத் தரையைத் தொடவைத்து, காரின் முன்னால் இருக்கும் கொக்கித் துளையில் வளையத்தைத் திருகி, விஞ்ச் கம்பியால் மெதுவாக மேலே இழுப்பார்கள். பிறகு சக்கரங்களைப் பட்டையால் கட்டுவார்கள். அந்தத் திருகு வளையம் உங்கள் காரின் டூல் கிட்டில் இருக்கும், ஜாக்கிக்குப் பக்கத்தில். அது இருக்கிறதா என்று இன்றைக்கே டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள். பழைய கார் வாங்கியவர்களில் பலருக்கு அது இருக்காது.

முன் சக்கர இழுவையுள்ள சாதாரண கியர் கார் என்றால் முதல் ரகமே போதும். நான்கு சக்கர இழுவை, பெரும்பாலான ஆட்டோமேட்டிக், மின்சாரக் கார் இவற்றுக்கெல்லாம் பிளாட்பெட்தான் பாதுகாப்பு. மின்சாரக் காரின் இழுவைச் சக்கரம் தரையில் உருண்டால் மோட்டாரும் கூடவே சுழன்று மின்சாரம் உற்பத்தியாகும். அது சேதத்தில் போய் முடியும். அதனால் மின்சாரக் கார் வைத்திருப்பவர் 'பிளாட்பெட் உறுதி' என்று எழுத்தில் கிடைத்தால் ஒழிய வாங்கவே கூடாது என்பேன். சார்ஜ் தீர்ந்தால் சார்ஜிங் நிலையம் வரை கொண்டுபோவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். பேஸ்மென்ட் பார்க்கிங்கின் உயரத்துக்குள் டோ வண்டி நுழையாது. காரைத் தள்ளுவண்டிச் சக்கரங்களில் ஏற்றிச் சாய்தளம் வழியாக வெளியே கொண்டுவர வேண்டும். அதற்குச் சிலர் தனிக் கட்டணம் கேட்பார்கள், சிலர் அது எங்கள் வேலையே இல்லை என்பார்கள். பேட்டரி செத்துப்போவது பெரும்பாலும் வீட்டு பார்க்கிங்கில்தான். அதனால் வீட்டிலும் வந்து பார்ப்பார்களா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

மலைப்பாதையும் மழையும்

24 மணி நேரமும் என்று எழுதியிருந்தாலும் டோ வண்டியும் சாலை விதிகளுக்குள்தான் ஓட வேண்டும். சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் வழியாகத் திம்பம் மலைப்பாதையில் போகும் சாலையில் 2022 பிப்ரவரி முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. 27 கொண்டை ஊசி வளைவுகளுள்ள அந்தப் பாதையில் எட்டரை மணிக்கு நின்றுபோன வண்டிக்கு எந்தத் திட்டமும் சட்டென்று கை கொடுக்காது. மலையேறுவதற்கு முன் பேட்டரியையும் டயரையும் கூலன்டையும் பார்த்துவிட்டுப் போவதுதான் அங்கே ஆர்எஸ்ஏ.

மழை வெள்ளத்திலும் அப்படித்தான். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரிக்காரர்கள் முன்கூட்டியே கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதை எல்லோரும் பார்த்தோம். சிரித்தவர்களும் உண்டு, ஆனால் அது சரியான முடிவு. இயற்கைச் சீற்றத்தைப் பல ஆர்எஸ்ஏ திட்டங்கள் விலக்கியிருக்கும். விலக்காவிட்டாலும், ஒரே நாளில் ஊரே அழைத்தால் வண்டிக்கு எங்கே போவது? தண்ணீரில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போய் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால், எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாதவருக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைப்பது கஷ்டம்.

விலை

இன்சூரன்ஸோடு ஆட்-ஆனாக எடுப்பதுதான் பொதுவாக மலிவு. தனித் திட்டங்கள் அதைவிடக் கூடுதல்; தூரமும் டாக்ஸி, ஹோட்டல் வசதிகளும் கூடக் கூட விலையும் ஏறும். காட்டப்படும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆட்-ஆனைப் பயன்படுத்தினால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. ஜம்ப் ஸ்டார்ட்டுக்கும் டோ வண்டிக்கும் அழைப்பதால் பொதுவாகப் போனஸ் குறையாது. விபத்துச் சேதத்துக்குக் கிளெய்ம் போட்டால்தான் குறையும்.

மலிவில் ஏமாறுகிற இடங்கள் வேறு. வருடத்துக்கு இத்தனை முறைதான் என்ற வரம்பு, அதே கோளாறுக்கு மறுபடி அழைத்தால் கிடையாது என்ற விதி, தனித் திட்டங்களில் வாங்கிய பிறகு சில நாட்கள் காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. நின்ற இடத்திலிருந்தே போனில் வாங்கி உடனே அழைப்பவர்களைத் தடுக்கத்தான் இந்தக் கடைசி நிபந்தனை. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினாலும் கதவை மூடிவிடுவார்கள்.

ஒரு வாசகம் மட்டும் இருந்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பது என் கருத்து. நிறுவனத்தால் ஆள் அனுப்ப முடியாவிட்டால் நீங்களே டோ வண்டி பிடித்துக்கொள்ளலாம், குறிப்பிட்ட தொகை வரை திருப்பித் தருவோம் என்கிற விதிதான் அது. ஆள் இல்லாத ஊரில் மாட்டிக்கொண்டவருக்கு இதைவிடப் பெரிய நம்பகத்தன்மை கிடையாது. அதற்கு முதலில் அவர்களை அழைத்துக் கேஸ் எண் வாங்கியிருக்க வேண்டும், பில்லும் முறையாக இருக்க வேண்டும்.

பைக்குக்கு? ஊருக்குள் ஓட்டுபவருக்குத் தேவையில்லை. தெருவுக்குத் தெரு பஞ்சர் கடை, முடியாவிட்டால் ஒரு குட்டி யானையைப் பிடித்து ஏற்றிவிடலாம். மின்சார ஸ்கூட்டர் விஷயம் வேறு. அதை எல்லா மெக்கானிக்கும் தொட மாட்டார்கள், அதனால் ஆர்எஸ்ஏ உபயோகப்படும்.

வாங்கிய பிறகு

உதவி எண்ணைப் பாலிசி தாளிலிருந்து எடுத்துப் போனில் சேமியுங்கள். வீட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோருடைய போனிலும். நின்ற இடத்தில் இணையத்தில் தேடி, முதலில் வருகிற 'கஸ்டமர் கேர்' எண்ணுக்கு அழைத்து மோசடிக்காரரிடம் பணம் கட்டுகிற கதை அடிக்கடி நடக்கிறது. "முதல்ல பத்து ரூபா மட்டும் இந்த லிங்க்ல கட்டுங்க" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். அழைக்காமலே வந்து நிற்கிற டோ வண்டியிடமும் அதே எச்சரிக்கை வேண்டும். உங்கள் கேஸ் எண்ணை அவரே சொல்லட்டும், பிறகு சாவியைக் கொடுக்கலாம். ஏற்றுவதற்கு முன் காரை நான்கு பக்கமும், ஓடோமீட்டரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதை வாய்வார்த்தையாக இல்லாமல் மெசேஜில் வாங்குங்கள்.

வராமல் ஏமாற்றினால் எங்கே போவது என்பது நீங்கள் யாரிடம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்சூரன்ஸ் ஆட்-ஆன் என்றால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் பிரிவு. அங்கே சரியாகாவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளம், அதன் எண் 155255. அதற்கும் மேலே காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், சென்னையிலேயே அலுவலகம் உண்டு. தனி நிறுவனத்திடம் வாங்கிய திட்டத்துக்கு இந்த வழி கிடையாது. அங்கே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு நுகர்வோர் ஆணையம். எங்கே போனாலும் கேட்பது ஒன்றுதான்: அழைத்த நேரம், கேஸ் எண், நீங்கள் கொடுத்த பணத்துக்கான பில். போனில் வந்த எஸ்எம்எஸ்களை அழித்துவிடாதீர்கள்.